கடலைக் காணாத கப்பற்பயணம்

கப்பலிற் செல்லும் பிள்ளைக்கு நாம் கொடுக்கத் தக்கவற்றுள் தலையாயது எது என்று கேட்பின், கடல் என்றே விடை கூறுவேன். இவ்விடை நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். கப்பலைச் சூழ நாற்புறமும் கடல்தானே இருக்கிறது, அதனை ஒருவர் எடுத்துக் கொடுக்கவும் வேண்டுமோ என வினவுவாரும் உளர். வேண்டும் என்பதே என் கருத்து. இக்காலத்து உல்லாசக் கப்பல்களிற் பிள்ளைகளுக்கென வகுக்கப்படும் நிகழ்ச்சி நிரல்களை எடுத்துப் பாருங்கள். அவற்றிற் கடலைத் தவிர மற்றெல்லாம் இருக்கும்.

இதனை இப்பொழுது எழுதுவதற்குக் காரணம் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தைப் போர்க்கலங்களின் புகலிடமாகவும், எண்ணெய்க் குதங்களின் இருப்பிடமாகவும், கோதுமைக் கப்பல் வந்து சேரும் இடமாகவும் நாம் அறிவோம். குடும்பத்தோடு களிப்புப் பயணம் வருவோர் தமிழ்நாட்டிலிருந்து நேரே இத்துறைக்கு வந்திறங்கக் கூடும் என்பது நெடுங்காலமாக எவரும் எண்ணாத செய்தி. 2023 ஜூன் 5 ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கொர்டேலியா நிறுவனத்தாரின் எம்பிரஸ் என்னும் கப்பல் இலங்கை நோக்கிப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்னும் மூன்று துறைகளும் அதன் வழியில் அமைந்தன. 1990 இல் பிரான்சு நாட்டிற் கட்டி முடிக்கப்பெற்று, முதலில் நோர்டிக் எம்பிரஸ் எனப் பெயர் பூண்டிருந்த பழைய கப்பல் அது. தாயும் தந்தையும் பாட்டனும் பாட்டியும் பிள்ளைகளுமாகத் தமிழ்க் குடும்பங்கள் கடல்வழியே நம் துறைக்கு வரும் காலம் மீண்டதே என்று மகிழ்ந்தவருள் நானும் ஒருவன். அம்மகிழ்ச்சியே ஒரு கவலையையும் உடன் கொணர்ந்தது. வருகின்ற பிள்ளை எதனைக் கண்டு செல்லும்?

ஒரு கப்பலையோ ஒரு நிறுவனத்தையோ குறித்து நான் குறை சொல்ல வரவில்லை. உலக வழக்கையே கூறுகின்றேன். பெருங்கப்பல்களில் மூன்று வயது முதற் பதினேழு வயது வரையுள்ளோரைப் பிரிவு பிரிவாக வகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மண்டபமும் தனி மேற்பார்வையாளரும் அமைத்திருக்கின்றனர். காலை முதல் இரவு வரை நேர அட்டவணை உண்டு. வண்ணந்தீட்டல், மாயவித்தை, மாறுவேடம், நடனம், திரை விளையாட்டு எனப் பட்டியல் நீளும். 1998 இல் வெள்ளோட்டம் கண்ட டிஸ்னி மாஜிக் என்னும் கப்பல், குடும்பங்களையே கருத்திற்கொண்டு, பிள்ளைகளுக்கென மிகப் பரந்த இடத்தை ஒதுக்கிக் கட்டப்பட்டது. பிள்ளைகளை ஓர் இடைஞ்சலாகக் கருதாமல் விருந்தினராகக் கருதிய அந்நோக்கம் பாராட்டற்குரியது.

ஆயினும் அந்நோக்கம் சென்று சேர்ந்த இடத்தைப் பாருங்கள். அதே நிறுவனத்தார் 2011 இல் டிஸ்னி டிரீம் என்னும் மற்றொரு கப்பலைக் கடலில் விட்டனர். அதன் உள்ளறைகளுக்குச் சாளரம் இல்லை. சாளரம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமான திரை ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. வெளியே உள்ள ஒளிப்படக் கருவி காட்டும் கடல் அத்திரையில் தோன்றும். அவ்வப்போது சித்திரப் பாத்திரம் ஒன்று அதன் குறுக்கே வந்து பிள்ளையை மகிழ்விக்கும். தொழில்நுட்பம் வியக்கத் தக்கதே. ஆனால் அத்திரை பிள்ளைக்குச் சொல்லாமற் சொல்லும் பாடம் யாது? கடல் தனித்து நின்றாற் சுவைக்காது, அதற்கு ஒரு கேலிச்சித்திரத்தின் துணை வேண்டும் என்பதன்றோ? 2024 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்ட ஐகன் ஒவ் த சீஸ் என்னும் மாபெருங் கப்பலில் நீர்ச்சறுக்குகள் ஆறு, நீச்சற் குளங்கள் ஏழு. எல்லையற்ற நீர்ப்பரப்பின்மேற் சென்றுகொண்டே, அந்நீருக்கு முதுகு காட்டி, குழாய் வழியே வரும் நீரில் விளையாடுகின்றோம். சறுக்கு விளையாட்டுத் தீதன்று. அது கரையிலும் உண்டு என்பதே என் வாதம். கரையிற் கிடைப்பதைக் கப்பலிலும் கொடுத்து, கப்பலில் மட்டுமே கிடைப்பதைக் கொடாது விடுவது என்ன திட்டம்?

பெற்றோர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்கும் தாய்க்கு நான்கு நாள் ஓய்வு வேண்டாவா? பிள்ளையை நம்பிக்கையானவர் கையில் ஒப்படைத்துவிட்டுச் சற்றே சாய்ந்திருப்பது குற்றமா? குற்றமன்று. பெற்றோரே பிள்ளையைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்று நான் கூறவில்லை. மேற்பார்வையாளர் இருக்கட்டும், மண்டபமும் இருக்கட்டும். மழையும் கடுங்காற்றும் வந்தால் உள்ளே ஒதுங்க ஓரிடம் வேண்டுமே. நான் கேட்பதெல்லாம், மேற்பார்வையாளர் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் திசை மாற வேண்டும் என்பதே.

இதற்கு உடலியற் காரணமும் ஒன்று உண்டு. கப்பல் அசையும்போது அவ்வசைவை உட்செவி உணர்கிறது. மூடிய அறையில் ஒரு திரையை நோக்கியிருக்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இவ்விரண்டின் முரண்பாடே தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றுவதற்குக் காரணம். கப்பலின் நடுப்பகுதியிலே திறந்த தளத்தில் நின்று, காற்று முகத்திற்பட, தொடுவானத்தை நோக்குவதே அதற்கு எளிய பரிகாரம். ஆகவே பிள்ளை வாடுகின்றதே என்று உள்ளே கொண்டுபோய்த் திரையின்முன் அமர்த்துவது, நோய்க்கு மருந்தென்று நோயையே புகட்டுவது போலாம்.

இனி, என் திட்டத்தைக் கூறுகின்றேன். இவன் ஆசிரியன், கப்பலையும் பள்ளிக்கூடமாக்கப் பார்க்கின்றான் என்று சிலர் முணுமுணுத்தல் என் செவியில் விழுகின்றது. அஞ்சற்க. புள்ளி இல்லை, பரீட்சை இல்லை, பிரம்பும் இல்லை. விளையாட்டை நீக்கச் சொல்லவில்லை, விளையாட்டுக்குக் கடலைப் பொருளாக்கச் சொல்கின்றேன்.

முதல் விளையாட்டு, உயிர்காக்கும் ஒத்திகை. 2012 ஜனவரி 13 ஆம் நாள் இத்தாலியக் கரையில் கொஸ்தா கொன்கோர்டியா என்னும் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தனர். அதன் பின்னர், நெடும்பயணக் கப்பல்களிற் புதிதாக ஏறுவோர்க்கு, கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ ஒத்திகை நடத்தியே தீர வேண்டும் என்னும் சர்வதேச விதி 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயணிகள் தொகையிற் பத்திலொரு பங்குக்குக் குறையாமற் சிறுவர்க்கேற்ற உயிர்காப்புச் சட்டைகள் இருத்தல் வேண்டும் என்பதும் விதியே. பெரியோர் இவ்வொத்திகையைக் கொட்டாவி விட்டுக்கொண்டு கழிப்பர். பிள்ளைகளோ இதனைப் பெருவிருப்போடு ஏற்பர். ஏழு குறுஞ் சங்கொலியும் ஒரு நெடுஞ் சங்கொலியும் கேட்டால் என்ன பொருள்? நம் அறையிலிருந்து கூடுமிடத்துக்கு எத்தனை படிகள்? கப்பலின் இடப்புறத்து விளக்குச் செந்நிறம், வலப்புறத்து விளக்குப் பச்சை நிறம். இருளில் எதிரே வரும் கப்பல் எப்பக்கம் திரும்புகின்றது என்று இவற்றைக்கொண்டு எப்படி அறியலாம்? இவை யாவும் விளையாட்டாகவே கற்பிக்கத் தக்கவை. விளையாட்டாகக் கற்ற பிள்ளை ஓர் ஆபத்து நேரத்தில் தன் பாட்டியின் கையைப் பிடித்து வழிகாட்டவும் கூடும்.

இரண்டாவது, கரை மறையும் காட்சி. கப்பல் துறையைவிட்டு நீங்கும் மாலையில் உள்ளே எந்நிகழ்ச்சியும் வைத்தலாகாது. கரையிலுள்ள கட்டடங்களின் அடிப்பகுதி முதலில் மறைவதையும், உச்சி ஈற்றில் மறைவதையும் பிள்ளை தன் கண்ணாற் காண வேண்டும். உலகம் உருண்டை என்பதற்குப் பாடநூல் கூறும் சான்று அதுவே. நூலில் ஒரு வரியாகப் படித்ததை வாழ்வில் ஒருமுறை காண்பதற்கு வாய்த்த பிள்ளையை, அவ்வேளையில் மாயவித்தைக்காரன் முன் அமர்த்துவது நியாயமோ?

மூன்றாவது, இராக்காட்சி. சென்னை ஏறத்தாழ 13 பாகை 5 கலை வட அகலக்கோட்டிலும், திருகோணமலை 8 பாகை 34 கலையிலும் உள்ளன. வடமீன் தொடுவானத்துக்குமேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கின்றதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடு. கையை நேரே நீட்டி விரல்களை மடக்கினால் அம்முட்டியின் அளவு சுமார் பத்துப் பாகை. சென்னைக் கடலில் முட்டிக்குச் சற்று மேலே நிற்கும் வடமீன், திருகோணமலையை அணுகுகையில் முட்டிக்குள் மறைந்துவிடும். வானம் தெளிந்த இரவிற் பதினைந்து நிமிட நேரம் மேற்றளத்து விளக்குகளை அணைக்குமாறு கப்பற்றலைவரை வேண்டிக்கொண்டாற் போதும், இதற்கு வேறு செலவில்லை. சோழமண்டலக் கரையோர மாலுமிகள் ஒரு சிறு பலகையும் முடிச்சிட்ட கயிறுங்கொண்டு இவ்வாறே வடமீனை அளந்து துறை சேர்ந்தனர் என்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓர் ஆங்கில அதிகாரி வியந்து எழுதியுள்ளார். அத்தகைய பலகையை மூங்கிற் சிம்பாலும் நூலாலும் பிள்ளைகளே செய்துகொள்ளலாம். கைவேலை வகுப்புக்கு இதனினும் நல்ல பொருள் ஏது?

கணக்கில் விருப்பமுள்ள பிள்ளைக்கும் ஒன்று சொல்வேன். அகலக்கோட்டில் ஒரு கலையே ஒரு கடல் மைல், அதாவது 1852 மீற்றர். சென்னைக்கும் திருகோணமலைக்கும் இடையே 4 பாகை 31 கலை வேறுபாடு. அப்படியாயின் தெற்கு நோக்கி எத்தனை கடல் மைல்? 271. மணிக்குப் பதினைந்து கடல் மைல் செல்லும் கப்பல் நேர்வழியில் எப்போது போய்ச்சேரும்? பள்ளியிற் கணக்கைக் கண்டு ஓடும் பிள்ளையும், தான் ஏறிவந்த கப்பலைப் பற்றிய கணக்கென்றால் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடும்.

நான்காவது, காலைக் காவல். அணியத்தின் அருகே, கம்பித் தடுப்புக்கு உட்புறத்தில், மேற்பார்வையாளர் உடனிருக்க, அரைமணிக்கு இருவராகப் பிள்ளைகளைக் காவல் நிறுத்துக. பறவைக்கோலா மீன் கூட்டமாக எழுந்து பறப்பதை முதலிற் காண்பவர் பெயரைப் பலகையில் எழுதுக. திருகோணமலையை அணுகும்போது இக்காவல் இன்னும் சுவை பெறும். நம் துறைமுகத்தின் வாயிலில் ஆழ்கடற் பள்ளம் ஒன்று கரைக்கு மிக அண்மையில் வருகின்றது. அதனால் நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் ஆண்டின் நடுமாதங்களில் இங்குக் காணத் தக்கவை. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நெடுந்தூண் போல நேரே எழும். விந்துத் திமிங்கிலத்தின் மூச்சோ முன்னோக்கி இடப்புறம் சாய்ந்தெழும். இவ்வேறுபாட்டை அறிந்த பத்து வயதுப் பிள்ளை, அறியாத நூறு பெரியோர்க்கு ஆசிரியனாகும்.

ஐந்தாவது, சொல். இஃது என் துறை; ஆதலாற் சற்றே நீட்டிப் பேச இடந்தருக. தமிழிற் கடலுக்கும் கலத்துக்கும் காற்றுக்கும் உள்ள சொல்வளம் சிறிதன்று. நாவாய், வங்கம், தோணி, திமில், அம்பி, ஓடம் என நிகண்டு அடுக்கும். எம் மாணவரும் அவற்றை மனனஞ்செய்து ஒப்புவிப்பர். நாவாய் யாது என்று கேட்டால், மரக்கலத்துள் ஒருவகை என்பர். அதன்மேல் ஒரு வினா கேட்டால் மௌனமே விடை. குற்றம் அவர்கள்மீதன்று. பொருளைக் காணாத சொல் நெஞ்சில் எங்ஙனம் தங்கும்? கப்பலில் வரும் பிள்ளைக்கோ பொருள் கண்முன் இருக்கின்றது, சொல்தான் இல்லை. அணியம், சுக்கான், நங்கூரம், மீகாமன் என்னும் சொற்களை அவ்வவற்றின் அருகே நின்று கேட்ட பிள்ளை வாழ்நாளில் மறவாது. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்னும் நாற்றிசைக் காற்றையும் முகத்தில் ஏற்று அறியலாம். எங்கள் கரையில் மேல்காற்றுக்குக் கச்சான் என்று பெயர். நிலக்கடலைக்கும் அதுவே பெயராதலின், இரண்டையும் ஒருங்கே சொன்னாற் பிள்ளைகள் சிரித்து மகிழ்வர். இக்கப்பல் ஏன் ஆனியில் வந்தது, மார்கழியில் ஏன் வரவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், கச்சான் வீசும் மாதங்களில் கீழ்க்கடல் அடங்கியிருப்பதையும், வாடை வீசும் மாதங்களில் அது பொங்கியெழுவதையும் சொல்லுக. காற்றின் இயல்பறிந்து நாவாய் செலுத்தியவர் வழிவந்தோனெனக் கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றிற் பாராட்டியது ஏன் என்பது அதன்பின் விளக்காமலே விளங்கும்.

ஆறாவது, ஒன்றும் செய்யாதிருத்தல். நேர அட்டவணையில் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை வெறுமையாக விடுக. சும்மா நின்று அலையைப் பார்க்கும் பிள்ளையிடம் ஒருவரும் சென்று, உனக்குப் பொழுதுபோகவில்லையா என்று கேட்க வேண்டா. அப்பிள்ளையின் உள்ளத்தில் என்ன விளைகின்றது என்பதை நாம் அறியோம். அறிய வேண்டிய தேவையும் இல்லை.

இனித் துறை சேரும் நேரத்துக்கு வருவோம். நான் மேற்சொன்ன எதனைச் செய்யாவிடினும் இதனைச் செய்யுமாறு வேண்டுகின்றேன். சுவாமிமலையின் கற்சுவர் கண்ணிற்படும்போது பிள்ளைகள் அனைவரும் மேற்றளத்தில் இருத்தல் வேண்டும். அம்மலைமேல் நிற்பது கோணேசர் கோயில். ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தர் பதிகம் பெற்றது. பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. தெற்கே விரிவது கொட்டியார்க் குடா. நாட்டின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கடலோடு கலப்பது அங்கேதான். 1659 இல் ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல் புயலிற் பாய்மரம் இழந்து அக்குடாவிற் புகுந்ததும், அதில் வந்த இராபர்ட் நொக்ஸ் என்னும் இளைஞன் கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டு ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்து தப்பியதும், 1681 இல் அவன் நூல் வெளிவந்ததும், பதின்பருவத்துப் பிள்ளைக்கு எந்தத் திரைக்கதையினும் சுவையானவை. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் இவ்வானத்திலிருந்தே. கோட்டையுள் உலவும் புள்ளிமான்களை மிகச் சிறிய பிள்ளைக்கும் காட்டலாம்.

சம்பந்தர் கடல் கடவாமல் இராமேசுவரத்தில் நின்றே கோணேசரைப் பாடினார் என்பது மரபு. கடல் கடவாதவர் கண்டு பாடினார். கடல் கடந்து வருவோர் காணாது மீள்வதோ?

இவ்வளவும் வருவோரைப் பற்றிய பேச்சு. இங்குள்ளோரைப் பற்றியும் பேசாவிடின் என் வாதம் பாதியே ஆகும். துறைமுகத்துக்கு அப்பால் நின்று அவ்வெண்ணிறக் கப்பலை நோக்கும் பிள்ளைகள் எம் ஊரில் நூற்றுக்கணக்கானோர். கடலருகே பிறந்தும் கடல்மேற் செல்லாதோர் அவருட் பலர். இதற்கு வரலாறு உண்டு. போர்க்காலத்திற் கடல் தடைசெய்யப்பட்ட வெளியாயிருந்தது. தரைவழி அடைபட்ட ஆண்டுகளில் இத்துறையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலேறியோர், அச்சத்தை மடியிற் கட்டிக்கொண்டே ஏறினர். 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை எஞ்சியிருந்த நேசத்தையும் பறித்தது. கடற்கரைக்குப் போகாதே என்பதே ஒரு தலைமுறைத் தாய்மாரின் முதல் அறிவுரை ஆயிற்று. அவர்களை யார் குறை கூற வல்லார்? ஆயினும் அறியாமையோடு கூடிய அச்சம் பிள்ளையைக் காவாது. கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று அறிந்த பிள்ளையே தப்பும்.

ஆகவே கப்பற் பிள்ளைகளின் நிகழ்ச்சி நிரலில் எம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு மணி நேரம் வேண்டும் என்கின்றேன். கப்பலுள் ஏறுவதற்குக் குடிவரவு விதிகளும் பாதுகாப்பு விதிகளும் தடையாகலாம். கரையிற் சந்திக்க எவ்விதி தடுக்கும்? கோணேசர் மலைச்சரிவிலோ, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகிலோ, வந்த பிள்ளைக்கு இவ்வூர்ப் பிள்ளை வழிகாட்டட்டும். ஏழு கிணற்றின் வெம்மையும் ஒன்றுபோல் இராது என்று இவன் சொல்லட்டும். இரவில் வடமீன் முட்டிக்குள் மறைந்ததை அவன் சொல்லட்டும். கச்சானுக்கு இரு பொருள் உண்டென்பதை ஒருவன் கற்பிக்க, சென்னைத் தமிழின் புதுச்சொல் ஒன்றை மற்றவன் கற்பிக்கட்டும். சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அவ்வட்டத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. இது மூவினத்தாரின் ஊர். இதனை ஒழுங்குசெய்ய வேண்டியவர் கப்பல் நிறுவனத்தார் மட்டுமல்லர். எம் நகரப் பள்ளிகளும் மாநகர சபையும் ஆசிரியர்களும் முன்வர வேண்டும். விருந்தினர் வரும் நாளை அறிந்தும் வாயிலில் நிற்காத வீட்டார், விருந்தினர் எட்டிப் பார்க்கவில்லையே என்று நொந்துகொள்ளல் ஆகாது.

பிள்ளைகளுக்காகத் திட்டமிடுவோர் பெரும்பாலும், இவர்களை எவ்வாறு நேரம் போக்குவிப்பது என்றே கேட்கின்றனர். நேரம் தானே போகும். அதனைப் போக்குவதற்கு ஆள் வேண்டா. போகும் நேரத்தில் எதனைக் கண்டால் இப்பிள்ளை ஐம்பதாம் அகவையிலும் நினைவு கூரும் என்று கேட்பதே திட்டமிடுவோர் தொழில். அவ்வினாவை ஒருமுறை கேட்டுவிட்டால் மண்டபத்தின் கதவு தானே திறக்கும். பிள்ளைகள் மேற்றளத்துக்கு ஏறி வருவர்.